சுண்டிப் பார்க்கும் விரல்

எங்கள் நல்லூரிலிருந்து அப்பா தினமும் காலை பஸ் பிடித்து விருத்தாசலத்துக்குப் பீங்கான் வேலைக்குப் போவார். சூளையிலிருந்து இறங்கும் இன்சுலேட்டர்களையும் ப்யூஸ் கேரியர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல சரக்கு. சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலானாலும் ஒதுக்கிவிடுவார்.

எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்ததும், பெங்களூரில் நரம்பறிவியலில் பிஎச்.டி. சேரப்போவதாகச் சொன்னேன். "டாக்டருக்குப் படிக்காம மூளையைப் பத்தி எப்படிப் படிப்ப பாப்பா?" என்றார். ஊரே கேட்ட கேள்வி அது. அவருக்குத் தெரிந்த பொருளை வைத்தே விளக்கினேன். மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் நீண்ட இழைகளில் மின்துடிப்பு ஓடுகிறது. பல இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது; இன்சுலேஷன் மாதிரி. உறையில்லாத மெல்லிய இழையில் துடிப்பு நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். தடித்த உறையுள்ள இழையில் நூறு மீட்டரையும் தொடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இந்த உறை சிதைகிறது. பார்வை மங்கும், கால் தள்ளாடும்.

"அப்ப நீயும் விரிசல்தான் பாக்கப் போற" என்றார். அன்றே சம்மதித்தார்.

முதல் ஒன்றரை ஆண்டு, சுண்டெலி மூளையின் மெல்லிய சீவல்களில் மின்முனை வைத்துத் துடிப்பின் வேகத்தை அளந்தேன். பிறகுதான் தெரிந்தது, சீவல் கிடக்கும் உப்புக் கரைசலின் வெப்பநிலை நாளுக்கு நாள் மாறியிருக்கிறது. சூடு ஏறினால் துடிப்பும் வேகமெடுக்கும். எனக்குச் சாதகமான நாட்களை மட்டும் வைத்துக்கொண்டால் வரைபடம் அழகாக வந்தது. அந்த இரவு அப்பாவின் விரல்தான் கண்முன் நின்றது. எல்லாப் பதிவுகளையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பட்டம் கைக்கு வர ஆறு ஆண்டாயிற்று. அந்த ஆறு ஆண்டில் நான் கற்ற பெரிய பாடம் அந்த ஓர் இரவில் கற்றதுதான்.

நரம்பறிவியல் நம் மண்ணுக்குப் புதிதல்ல. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடித்த வி.எஸ். ராமச்சந்திரன், ஒரு பெட்டியையும் ஒரு கண்ணாடியையும் வைத்து, துண்டிக்கப்பட்ட கையிலும் வலி ஏன் எழுகிறது என்று ஆராய்ந்தார். ஐ.ஐ.டி. மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் 2024இல், கருவில் வளரும் மூளையின் 5,132 சீவல்களைப் படமாக்கி உலகுக்குத் திறந்துவைத்தது. ஆனால் இந்தத் துறைக்கு மருத்துவப் படிப்பு கட்டாயமில்லை. இயற்பியல், பொறியியல், உளவியல் படித்தவர்களும் வருகிறார்கள். பணமும் தடையில்லை: நெட் என்ற தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய் உதவித்தொகை.

சூளை வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண் இன்னும் ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், இன்னும் படிப்பா என்று கேட்காதீர்கள். அனுப்பி வையுங்கள். பழுதான சரக்கை மனம் கூசாமல் ஒதுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆராய்ச்சிக்கு முதலில் வேண்டியது அதுதான்.