சேம அச்சு

சங்ககால உமணர்கள் உப்பேற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்படும்போது, வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு சென்றனர். மேடும் பள்ளமுமான வழியில் ஓர் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்வதற்காக. அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை இந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் அப்பாட்டை நடத்தியவன் நான். முதல் பத்தாண்டுகள் உரைகாரர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பொருளை எனக்கு விளங்கச்செய்தது எங்கள் வீட்டுக் கார்.

தமிழாசிரியன் 'மகிழுந்து' என்றே எழுதவேண்டும் என்பதை அறிவேன். எனினும் அவ்வூர்தி மகிழ்ச்சி தந்த நாளும் உண்டு, தாராத நாளும் உண்டு. ஆதலின் கார் என்றே எழுதிச் செல்கிறேன், நண்பர்கள் பொறுத்தருள்க.

என் தந்தையார் சைகோனில் பிரெஞ்சு அரசாங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து, பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவை விட்டு நீங்கியபோது புதுச்சேரிக்குத் திரும்பியவர். சிறிது ஓய்வூதியமும், அங்கே சித்ரோயன் ஓட்டிப் பழகிய கையும் அவருடன் வந்தன. ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்நாளில், 1966இல், சென்னை சென்று இரண்டு கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கி வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

ஹெரால்டைப் பற்றி இன்றைய மாணவர்க்குச் சிறிது சொல்லவேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் 1959இல் வெளிவந்த வண்டி அது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் அதனைச் செய்யத் தொடங்கினர். எஞ்சின் 948 சி.சி. கொள்ளளவே. ஆனால் அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கி, அதே மிக்கலோட்டியின் கைவண்ணத்தில் 1962இல் அங்கே பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். தம்பியின் குணம் அண்ணனிடமும் இருந்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் நம்மவர் ஹெரால்டுகளைத் திருத்தி விரட்டினர். எங்கள் வண்டி பந்தயம் எதிலும் ஓடியதில்லை. ஆனாலும் தந்தையார் அதனை 'ஸ்போர்ட்' என்றே குறிப்பிடுவார். பக்கத்து வீட்டு அம்பாசடர் மூன்று முறை முன்பின் நகர்த்தித் திரும்பும் சந்தில் இது ஒரே வளைவில் திரும்பிவிடும். 25 அடி வட்டம் போதும். அதைக் காட்டுவதற்கென்றே தேவையில்லாமல் சந்துக்குள் நுழைவார்.

தந்தையாரிடம் கறுப்பு அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. நாள், ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய உறுப்பு ஆகிய அனைத்தும் அதில் ஊதா மையில் இருக்கும். எழுதியது முழுவதும் பிரெஞ்சு மொழியில். கடிதம் தமிழில், கணக்கு பிரெஞ்சில் என்பது அவருடைய முறை. நான் 1954க்குப் பின் பிறந்தவன். தமிழும் ஆங்கிலமும் கற்றேன். ஊரில் பிரெஞ்சு கற்பிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. எனினும் இளமைச் செருக்கில், ஆண்டவன் மொழியை அடிமை விட்டொழிந்தபின் எதற்கு என்று தந்தையாரிடமே வாதிட்டிருக்கிறேன். அவர் மறுமொழி சொன்னதில்லை.

1991இல் அவர் காலமானார். வண்டி என் பொறுப்புக்கு வந்தது. அவர் செய்தபடியே செய்யவேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது; செய்தது என்ன என்பதுதான் தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினேன். முன்சக்கரத்தின் படம் ஒன்று கையால் வரையப்பட்டு, அதனருகே இரண்டு முறை அடிக்கோடிட்ட சொல் ஒன்று கண்ணில் பட்டது. 'கிரெஸ்'. ஆங்கிலத்துக் கிரீஸை ஒத்த சொல். ஆஹா, மொழிநூல் கற்றவனுக்கு இதுகூடவா விளங்காது! பட்டறையில் வண்டியை விட்டு, "முன்சக்கரத்தில் கிரீஸ் நன்றாக அடிக்கவேண்டும், என் தந்தையார் எழுதி வைத்திருக்கிறார்" என்று அழுத்திச் சொன்னேன். அவர்கள் நான் சொன்னதைச் செய்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது.

1993ஆம் ஆண்டு, மழைக்காலத்து மாலை. பள்ளியிலிருந்து என் மகளை அழைத்துக்கொண்டு ரங்கப்பிள்ளை வீதியிலிருந்து காந்தி வீதிக்குத் திரும்பினேன். நடைவேகந்தான். தந்தையாரைப் போல ஒரே வளைவில் திருப்புவோம் என்று சக்கரத்தை முழுதும் ஒடித்தேன். மரம் முறிவது போன்ற ஓசை. வண்டியின் வலப்பக்கம் தரையில் அமர்ந்தது. சக்கரம் பக்கவாட்டில் மல்லாந்து கிடந்தது. ஏழு வயதுக் குழந்தை முன்னிருக்கைப் பலகையில் நெற்றி இடித்து அழுதாள். வேறு தீங்கு இல்லை. அதே முறிவு அரை மணி முன்னதாகக் கடலூர்ச் சாலையில் நேர்ந்திருந்தால் என்று நினைக்க இன்றும் கை நடுங்குகிறது.

இரவு, எதிர்வீட்டில் இருந்த முதியவரிடம் குறிப்பேட்டைக் கொண்டுபோனேன். பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் எல்லார்க்கும் அவர் 'முசே'. கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "தம்பி, கிரெஸ் என்பதற்கு முன்னால் 'ழமே' என்று இருக்கிறதே, பார்க்கவில்லையா? ஒருபோதும் கிரீஸ் கூடாது, எண்ணெய் மட்டும் என்று அல்லவா எழுதியிருக்கிறார்?" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மேஸ்திரி வந்து முறிந்த உறுப்பைக் கழற்றிக் காட்டினார். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது டிரனியன் எனப்படும் பித்தளை நிறத்துக் குமிழுக்குள் திருகி நிற்கும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் ஆணியும் திருகுமரையும் போல ஒன்றனுள் ஒன்று சுழலும். அந்த மரைக்குள் 90ஆம் எண் கியர் எண்ணெய் நிறைந்திருக்கவேண்டும். எண்ணெய் இறங்கி எல்லா இடுக்கிலும் நிற்கும். கிரீஸ் அங்கே எட்டாது. எட்டிய இடத்திலும் காய்ந்து கட்டியாகும். பின் நீர் புகும். புதுச்சேரியிலோ அது வெறும் நீரன்று, உப்பு நீர். மரையின் அடிப்பள்ளத்தில் துரு ஏறி, எஃகு மெல்ல மெல்ல அறுபடும். வெளியே நின்று பார்ப்பவர்க்குக் கொழுகொழுவென்று கிரீஸ் தெரியும்; எல்லாம் நலம் என்று தோன்றும். "சார், குழாய்க்குள்ளே கிரீஸ் அடித்துவிட்டு எண்ணெய் போட்டதாக நினைப்பவர் நிறையப் பேர்" என்று மேஸ்திரி என்னைத் தேற்றினார். அவர்கள் யாரும் தந்தை எழுதிவைத்ததைத் திருப்பிப் படித்தவர்கள் அல்லர்.

பின்பக்கப் பெட்டியில் மாற்றுச் சக்கரத்துக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, அதே தண்டு ஒன்றைத் தந்தையார் வைத்திருந்தார். அதை எடுத்துப் பிரித்தபோதுதான் உமணரும் ஔவையாரும் என் நினைவுக்கு வந்தனர். மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. இத்தண்டில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிராக வெட்டப்பட்டிருக்கும். அவர் வைத்திருந்தது இடப்பக்கத்தது. முறிந்ததோ வலப்பக்கம்.

ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார் உற்பத்தி 1988இலேயே நின்றுபோயிருந்தது. மேஸ்திரியும் நானும் பேருந்தேறிச் சென்னை சென்று, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாகக் கேட்டு, பின்னர்ப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் குவியலில் மூன்று தண்டுகளைத் தேடி எடுத்தோம். இரண்டைத் துருவுக்காக அவர் ஒதுக்கினார். மூன்றாவதைச் சுண்டி ஓசை கேட்டு, நகத்தால் மரையைத் தடவி, பிறகே விலை பேசினார். அது இன்றும் ஓடுகிறது. இடப்பக்கத்துத் தண்டு அதே துணியில் பெட்டிக்குள் இன்றும் இருக்கிறது.

அதன்பின் நானே கை வைக்கக் கற்றேன். மழையில் ஓட்டிய மறுநாள் நல்ல தண்ணீரால் அடிச்சட்டத்தைக் கழுவுவது. கடற்கரைச் சாலையில் இரவு நிறுத்தாமல் இருப்பது. முதல் கியருக்கு ஒத்திசைவுப் பல் இல்லாமையால் இருமுறை கிளட்ச்சை மிதித்து மாற்றுவது. 2000இல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டபோது, வால்வு அமரும் இடங்கள் தேய்ந்துபோகும் என்று மேஸ்திரி எச்சரித்தார். தலைப்பகுதியைக் கழற்றிக் கடின எஃகு வளையங்கள் பொருத்தினோம். இப்பொழுது பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். பழைய ரப்பர்க் குழாய்களும் பம்ப்பின் சவ்வும் அதைத் தாங்குவதில்லை. இரண்டு முறை மாற்றிவிட்டேன். ஓட்டமானியில் ஐந்து இலக்கங்களே உண்டு; அது மூன்று முறை சுழியத்துக்குத் திரும்பியிருக்கிறது. முதல் முறை, 1979இல், தந்தையார் வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லார்க்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

மூன்று இலட்சத்தைப் பெரிதாகச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்றொரு பள்ளி அறிவியல் ஆசிரியர் இருந்தார். அவரும் 1966இல்தான் வாங்கினார். வோல்வோ பி1800 என்னும் ஸ்போர்ட்ஸ் கார். 1987இல் பத்து இலட்சம் மைல், 2002இல் இருபது, 2013இல் அலாஸ்காவில் முப்பது இலட்சம். அதாவது 48 இலட்சம் கிலோமீட்டர். 2018இல் மறைந்தார். வழி என்ன என்று கேட்டவர்க்கெல்லாம், கையேட்டில் சொன்னதைச் சொன்ன நாளில் செய்ததுதான் என்பதே அவர் விடை. அவருடைய கையேடு அவருக்குத் தெரிந்த மொழியில் இருந்தது என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. பொறாமைதான்.

2021இல் மத்திய அரசு தொன்மை வாகன விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை, தொடக்க வடிவில் இருந்தால், 20,000 ரூபாய் கட்டித் தனி எண்ணுடன் பதியலாம். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம்; அன்றாடப் போக்குவரவுக்குக் கூடாது. அப்படிப் பதிந்துவிடுங்கள், மதிப்பு உயரும் என்று நண்பர்கள் பலர் அறிவுரை கூறினர். சாதாரண வண்டியாகவே ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிப்பதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆயிற்று. அதற்குப் பின்னும் உயர்ந்தது. தகுதிச் சோதனைக்குப் போகும் நாளில் பரீட்சை எழுதும் மாணவன்போல் வயிறு கலங்குகிறது. எனினும் அப்படியே புதுப்பித்து வருகிறேன். எண்ணெய் ஓடாமல் நின்றால் டிரனியன் காயும். மேலும், பெரிய அங்காடிக்குப் போய்க் காய்கறி வாங்கி வர முடியாத வண்டியைத் தந்தையார் தம் வண்டி என்று ஒப்புக்கொள்ளமாட்டார்.

அன்று நெற்றி இடித்துக்கொண்ட மகள், அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து பிரெஞ்சு கற்றாள். நான் சொல்லிச் சேர்ந்தவள் அல்லள். சென்ற விடுமுறையில் குறிப்பேட்டை முதலிலிருந்து எனக்குப் படித்துத் தமிழாக்கிச் சொன்னாள். பெரும்பாலும் எண்ணெய், பிளக், பிரேக். 1977ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் மட்டும் நிறுத்திச் சிரித்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"தாத்தா எழுதியிருக்கிறார், அப்பா. 'இன்று மகன் ஓட்டினான். கிளட்ச் தட்டுக்கு ஆறுமாதம் ஆயுள் குறைந்தது. ஒன்றும் சொல்லவில்லை.'"

மறுநாள் காலை முன்பக்க மூடியை முழுதும் முன்னே சாய்த்து, இருவரும் டிரனியனில் எண்ணெய் இட்டோம். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் குறிப்பேட்டில் அவளே பதிந்தாள். தமிழில் எழுதினாள்.