கண்வலிக்கிழங்குக் காட்டில்

மூலனூர்ப் பக்கம் ஆவணி பிறந்துவிட்டால், காலை ஏழு மணிக்கே பெண்கள் கொடிப் பந்தலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் மெல்லிய குச்சி. குச்சி நுனியில் கொஞ்சம் பஞ்சு சுற்றியிருக்கும். ஒரு பூவின் மகரந்தத்தைப் பஞ்சில் ஒற்றியெடுத்து, சூலக முடியில் தடவிவிட்டு அடுத்த பூவுக்கு நகர்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். நேற்று மொட்டாக இருந்தவை இன்று மலர்ந்திருக்கும், இன்றைய மொட்டுகள் நாளை மலரும். எனவே பூக்காலம் முடியும்வரை ஒவ்வொரு காலையும் இதே வரிசைகளில் நடந்தாக வேண்டும்.

அவர்கள் தொட்டுச் செல்வது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை. வயலில் அதைக் கண்வலிக்கிழங்கு என்றுதான் சொல்கிறார்கள். கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. ஈழத்தில் அது கார்த்திகைப்பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கும்போது முதலில் வைப்பது காந்தளைத்தான். அந்த மலைப்பூ இன்று திருப்பூர், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் வறண்ட செம்மண் காடுகளில், மருந்துக் கம்பெனிகளுக்கான பணப்பயிராக நிற்கிறது.

கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருப்பது ஏன் என்பது பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். பூ தலைகீழாகத் தொங்குகிறது. ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிற்கின்றன. ஆறு மகரந்தத் தாள்களும் சுற்றிலும் விரிந்து கிடக்கின்றன. சூல்தண்டோ அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக வளைந்து, பூவை விட்டு விலகி ஒரு பக்கமாக நீண்டிருக்கிறது. மகரந்தமும் அதை ஏற்க வேண்டிய முடியும் தாமாகச் சந்தித்துக்கொள்வது அரிது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் தேன்சிட்டும் இந்த வேலையைச் செய்கின்றன. ஏக்கர் கணக்கில் இந்தக் கொடி மட்டுமே நிற்கும் இடத்தில் அவை போதவில்லை. கை படாத பூக்களில் பல, காய் பிடிக்காமலே உதிர்ந்துவிடுகின்றன.

நான் பார்த்த வயலில் மூத்த பெண் ஒருவர், புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். "அழுத்தாதே அம்முணி, ஒடிஞ்சா காயே இல்ல. மெதுவாத் தொட்டுட்டு வந்துரு." பூவைத் திருப்பும் விரல், குச்சியைச் சாய்க்கும் கோணம், எது இன்று தொட வேண்டிய பூ, எது நேற்றே தொட்டு முடிந்த பூ என்று நிறத்தை வைத்தே பிரிக்கும் பார்வை: இவையெல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொழில். இதற்குப் பயிற்சிப் பள்ளி கிடையாது. ஒரு கை இன்னொரு கைக்குச் சொல்லிக்கொடுத்தே வந்திருக்கிறது.

பூவின் நிறம் உண்மையில் நம்பகமான நாட்காட்டி. மொட்டு பச்சையாக இருக்கும். மலர்ந்ததும் இதழின் அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். நாளாக ஆக மஞ்சள் பின்வாங்கி முழு இதழும் சிவந்துவிடும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, இரத்தச் சிவப்பு நான்கையும் ஒன்றாகப் பார்க்கலாம். இதழ் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும்.

பூக்காத காலத்தில் இந்தச் செடியை அடையாளம் காண இலை நுனியைப் பார்க்க வேண்டும். மற்ற பல கொடிகளில் பற்றுக்கம்பி தனி உறுப்பாகத் தண்டிலிருந்து கிளம்பும். செங்காந்தளில் இலையே நுனியில் கம்பியாக நீண்டு சுருண்டு, கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறது. தண்டு ஆள் உயரத்தைத் தாண்டி மூன்று மீட்டருக்கு மேலும் ஏறும். ஆண்டுதோறும் அது காய்ந்து மடிய, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கும். அடுத்த மழைக்குப் புதுத் தண்டு வரும். வேலியோரம், புதர்க்காடு, கடற்கரை மணல், மலைச்சரிவு என எங்கும் வளரும் இயல்பு அதற்கு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இது மண்ணின் செடி. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளிலோ, அழகுக்காகக் கொண்டுபோனது தப்பிப் பரவிக் களையாகிவிட்டது.

கிழங்கைத் தோண்டினால் கலப்பை வடிவில் இரண்டு கவராகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கவர் முளைக்காது. அதனால் நடவு நாளில் கிழங்கைத் தூக்கி எறிவதோ கூடையில் குலுக்குவதோ கிடையாது. ஆனி, ஆடியில் வாய்க்கால் போலக் குழி எடுத்து, தொழுவுரம் இட்டு, முளை ஒடியாமல் படுக்கவைத்து மண் மூடுகிறார்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். வடிகால் நன்றாக உள்ள செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் இதற்குப் பிடித்தவை. கோவை வேளாண் பல்கலைக்கழகம், கொடி ஏறக் கிளுவை, விராலி போன்ற செடிகளை உயிர்த்தாங்கியாக நடலாம் அல்லது கம்பிவலை கட்டலாம் என்கிறது. பழைய தோட்டங்களில் முள்கிளுவை வரிசைகள்; புதியவற்றில் கம்பி.

இந்தப் பயிரைத் தேடி வரும் ஒரு புழுவும் இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு பளிச்சென்று தெரியும் லில்லிப் புழு. மற்ற உயிர்கள் ஒதுங்கும் நஞ்சிலையை அது வயிறாரத் தின்கிறது. ஒருசில நாள் கவனிக்காமல் விட்டால் கொடி மொட்டையாகிவிடும். மழைக்காலத்தில் இலைக்கருகல் வேறு. ஆகவே மருந்தடிப்பு அடிக்கடி நடக்கிறது. மருந்து தெளித்த கொடிகளுக்கு இடையில்தான் மறுநாள் காலை குச்சியோடு பெண்கள் நடக்கிறார்கள்.

செடியின் நஞ்சுக்குப் பெயர் கோல்சிசின். கிழங்கிலும் விதையிலும் மிகுதி. ஆனால் எந்தப் பாகமும் அதற்கு விலக்கல்ல. உயிரணு இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான நுண்ணிழைகளைக் கட்டவிடாமல் அது தடுக்கிறது. உடலில் வேகமாகப் பிரிகிற அணுக்கள் முதலில் அடிபடும்: குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர். கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த ஒருவருக்கு உடல் முழுதும் முடி கொட்டியதை, 1966இல் இலங்கை மருத்துவர் ஒருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதிவு செய்திருக்கிறார். சர்க்கரைவள்ளி என்றோ வேறு காட்டுக்கிழங்கு என்றோ நினைத்துச் சமைத்து உயிரிழந்தவர்களும் உண்டு. இதற்கு எளிதில் கிடைக்கும் முறிமருந்து இல்லை. வாந்தியும் பேதியும் தொடங்கச் சில மணி நேரம் ஆகும். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. யாராவது தின்றுவிட்டதாகத் தெரிந்தால், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். செடியின் ஒரு துண்டையும் உறையில் போட்டு எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவும்.

தின்றால் வரும் கேட்டை ஊரார் எல்லாரும் அறிவார்கள். தொட்டால் வருவதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. கிழங்கின் சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் வரலாம், சிலருக்கு விரல் மரத்துப்போகும். தண்டும் இலையும்கூடத் தோலை உறுத்தக்கூடியவை. பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகம், வீட்டுத் தொட்டியில் ஒன்றிரண்டு வளர்ப்பவர்களுக்கே கையுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறது. இங்கே ஒரு பருவம் முழுக்க, கூடை கூடையாகக் கிழங்கையும் காயையும் விதையையும் கையாளுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு இருக்கிறார்கள்.

தோல் அதிகம் உறுத்தப்படுவது அறுவடைக்குப் பிறகுதான். தை, மாசியில் காய் பச்சை நிறம் மாறித் தோல் சுருங்கும்போது பறிக்கிறார்கள். நிழலில் பரப்பி உலர்த்தியதும் காய் மூன்று பிளவாகத் திறக்கும். உள்ளே செக்கச்சிவந்த விதைகள், சதைப்பற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விதையை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் பிரிக்கிறார்கள். விதையில் கோல்சிசின் கிழங்கைவிடக் கூடுதல் என்பதால் விலையும் விதைக்குத்தான். தோலும் வீணாவதில்லை, அதற்கும் வாங்குவோர் உண்டு. விதையின் பிசுக்கு விரலிலும் நகக்கண்ணிலும் ஏறி நிற்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்போது சோப்பு இருக்கிறதா, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது அந்தந்தத் தோட்டக்காரரைப் பொறுத்தது. "கைய நல்லாத் தேச்சுக் கழுவாம கண்ணத் தொட்டுராதீங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் அங்கே நடைமுறையில் உள்ள பாதுகாப்பு விதி.

கையுறை ஏன் போடுவதில்லை என்று கேட்டால் காரணம் இருக்கிறது. ரப்பர் கையுறையோடு சூலக முடியை ஒடிக்காமல் தொடுவது கடினம். வெயிலில் உள்ளே வியர்த்து ஊறிவிடும். ஆனால் விதை பிரிப்பது நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. கிழங்கு நடுவதற்கும் விரல் நுணுக்கம் அவ்வளவு தேவையில்லை. இந்த இரண்டு கட்டங்களிலாவது மருத்துவமனையில் பயன்படும் மெல்லிய கையுறை தாராளமாக ஒத்துவரும். விதை விற்கும் விலையில் அதன் செலவு கண்ணுக்கே தெரியாது.

அந்த விலைதான் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போன ஆண்டும் உண்டு, சில நூறுக்கு இறங்கிய ஆண்டும் உண்டு. வாங்குகிறவர்கள் குறைவு, ஏற்றுமதிச் சந்தையின் போக்கு விவசாயிக்கு எட்டுவதில்லை. கிழங்கு வாங்கி நட்டுப் பந்தல் போடும் முதல் ஆண்டுச் செலவோ பெரியது. விதைக்கு அரசு குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் நெடுநாள் கோரிக்கை. விலை சரியும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது கூலியாட்களின் நாட்கள்தான்.

விதை போய்ச்சேரும் இடத்தில் அதன் மதிப்பு வேறு. கோல்சிசினை 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லட்டியேவும் கவாந்துவும், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய மலர் ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். கீல்வாதத்தில் வீங்கித் துடிக்கும் கால் பெருவிரலுக்கு இன்றும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து அது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான். 2023இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கவும் இதற்கு அனுமதி தந்தது. தசைப்பிடிப்புக்கு விழுங்கும் தயோகோல்சிகோசைடு மாத்திரையும் இந்த விதையோடு தொடர்புடையதே. பயிர் விஞ்ஞானிகளுக்கும் இது கருவி. செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்க கோல்சிசின் உதவும் என்பது 1937இலேயே நிரூபிக்கப்பட்டது.

இத்தனை தேவை இருப்பதால்தான் காட்டுக் கிழங்கையும் விட்டுவைக்கவில்லை. கொடி காய்ந்த பிறகும் இடத்தை நினைவில் வைத்துத் தோண்டி எடுத்து, நடவுக் கிழங்காகவும் மருந்துச் சரக்காகவும் விற்றதில், வேலியோரங்களில் இயல்பாகத் தெரிந்த கொடி பல ஊர்களில் அருகிவிட்டது. விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் அவசரக்காரர்கள் கிழங்கையே தேடுகிறார்கள்.

வீட்டில் வளர்க்க விரும்புகிறவர்கள் பயிரிடும் விவசாயியிடமோ நம்பகமான நாற்றங்காலிலோ கிழங்கு வாங்குங்கள். அகலமான தொட்டி, மணல் கலந்த செம்மண், நல்ல வெயில், ஏறுவதற்குக் கம்பி இவை போதும். மூன்று விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து மூடுங்கள். காய் முற்றி இலை பழுக்கும்போது தண்ணீரை நிறுத்திவிடுங்கள், அடுத்த ஆனி வரை கிழங்கு உறங்கட்டும். கையுறை போட்டுத்தான் நட வேண்டும். குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடம்தான் இதற்குச் சரி. கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது.

விதை வாங்கும் வியாபாரிகளுக்கும் கம்பெனிகளுக்கும், தோட்ட உரிமையாளர்களுக்கும், தோட்டக்கலைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். நடவுக்கும் விதை பிரிப்புக்கும் கையுறை, வேலையிடத்தில் சோப்பும் தண்ணீரும், மருந்தடித்தால் சில நாள் இடைவெளி, பருவத்துக்கு ஒருமுறை தோல் பரிசோதனை. இந்த நான்கையும் கூலியோடு சேர்ந்த கடமையாக எழுதி வையுங்கள். வரும் ஆடி நடவிலிருந்தே இதைத் தொடங்கலாம்.