சிரட்டைக்கரித் தரையும் பனங்கை வீடும்

உடன்குடி பக்கம், தேரி மண்ணை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. நிலத்தில் முருங்கை, வரப்பைச் சுற்றிப் பனை. வீடு அவருடைய தாத்தா கட்டியது. சுண்ணாம்புச் சுவர், பனங்கை, மேலே நாட்டு ஓடு. போன மழையில் அடுக்களைப் பக்கம் ஒழுகியது. சுவர்ப் பூச்சும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் மகன், ''இதுக்கு மேல ஒட்டுப்போட முடியாதுப்பா. இடிச்சுட்டு காங்கிரீட்ல ரெண்டு ரூம் போட்டுருவோம்'' என்று சொல்லி, வீட்டை இடிக்க வண்டிக்கும் பேசிவிட்டார். அப்பாவுக்கு அரை மனது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. ''மூணு பிள்ளைகளையும் இந்தத் திண்ணையிலதான் போட்டு வளத்தேன்'' என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் தக்கலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முடிந்த கையோடு மூவரும் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கப் போனார்கள்.

தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்து அரண்மனை

தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். சுற்றிலும் பழைய கல் கோட்டை. அதற்குள் சுமார் ஆறரை ஏக்கரில் அரண்மனை. 1601-வாக்கில் தொடங்கிய கட்டடத்தை 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா விரிவாக்கினார். பிறகு தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1930-களில் திருவிதாங்கூர் அரசு இதைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கத் தொடங்கியது. திங்கட்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வெறுங்காலோடு நடப்பதில் ஒரு லாபம் உண்டு. தரையின் குளிர்ச்சி காலிலேயே தெரியும். கறுப்பாக, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் அந்தத் தரை சிமென்டும் இல்லை, கிரானைட்டும் இல்லை. தேங்காய்ச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார்கள்.

''ஏங்க, சிரட்டையை நாம அடுப்புல போட்டு எரிச்சுட்டுல்லா இருக்கோம்'' என்று குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார் அம்மா.

தாய்க் கொட்டாரத்தில் நின்றபோது விவசாயியின் கண் பலா மரத் தூணை விட்டு நகரவில்லை. உச்சி முதல் அடி வரை பூ வேலைப்பாடு. ஊட்டுப்புரை என்கிற அன்னதானக் கூடம் இரண்டு அடுக்கு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடலாம். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய பரணிகளைப் பார்த்ததும், ''எத்தனை மூட்டை மாங்காய் வந்திருக்கும், எத்தனை மூட்டை உப்பு!'' என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார் அம்மா.

மகனுக்கு வேறு கணக்கு. ''ராஜா வீட்டுக்கு கவர்மென்ட் காசு போடுது. நம்ம வீட்டுக்கு யாருப்பா போடுவா?''

நியாயமான கேள்விதான். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். சரிவு செங்குத்தாக இருந்தது. இறவாணம் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருந்தது. ''மழை செவுத்துல படவே விடலை பாரு. அதான்லே சூட்சுமம். நம்ம வீட்டுல பாத்ரூம் கட்டுறப்ப இறவாணத்தை வெட்டுனமே, அந்த மூலைதான ஒழுகுது?'' மகன் ஒன்றும் சொல்லவில்லை.

டச்சுத் தளபதியும் மரத்தோட்டமும்

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மர நிழலிலேயே ஒரு சுற்று வரலாம். உள்ளே டிலனாய் என்கிற தளபதியின் கல்லறை இருக்கிறது. அதில் லத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள்.

இந்த மனிதருக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, முத்துக்குளிப்பைத் தன் கைக்குள் வைத்திருந்தது டச்சுக் கம்பெனி. அதே கம்பெனியின் படை 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்ட டிலனாய், பிறகு அந்த ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்துவிட்டார். ஒரு மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுப் பேச்சு மறுபடி வந்தது. ''ராஜா வீடு பெருசு, செலவும் பெருசு. நம்ம வீடு சின்னதுதான? இடிக்கிறதுக்கு முன்னால ஒரு கொத்தனாரைக் கூட்டியாந்து காட்டுவோம்'' என்றார் அப்பா. மகன் சம்மதித்தார்.

எது கெட்டது, எது கெடவில்லை?

வந்தவர் சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். பூச்சு பெயர்ந்திருந்தது, பிற்காலத்தில் சிமென்ட் பூசிய இடத்தில் மட்டும்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் கடற்கரை உப்பும் உள்ளேயே தங்கி, பூச்சைத் தள்ளிவிடும்.

பிறகு கூரை. ஓட்டைப் பிரித்துப் பார்த்ததில், அடுக்களைக்கு மேல் ஆறு பனங்கைகளின் நுனி மட்டும் மக்கியிருந்தது. அதுவும் சுவருக்குள் செருகிய, ஈரம் இறங்கிய முனைதான். மற்றவை வைரம் பாய்ந்து இரும்பு போல இருந்தன. ''இதை இடிச்சு விறகுக்குப் போட்டா, திரும்ப எங்க வாங்குவீங்க?'' என்று கேட்டார் கொத்தனார். அதுவும் சரிதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள்.

பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியதாக அவர் சொன்னவை:

* ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் ஓடு மாற்றி அடுக்க வேண்டும். நகர்ந்த ஓர் ஓடுதான் ஒரு பனங்கையைக் கெடுக்கிறது.
* சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் சில வாரங்களாவது புளிக்கவிட்டு, மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைக்க வேண்டும். பூசிய பிறகு பல நாள்கள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
* கை மரத்தின் முனை ஈரச்சுவரில் படக்கூடாது. கரையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவலாம். கையில் பட்டால் புண்ணாக்கும், கவனம்.
* சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்கவிடக் கூடாது.

பேச்சுவார்த்தை மூன்று நாள் நடந்தது. கடைசியில் இடிக்கும் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் பின்பக்கம் காங்கிரீட்டில் ஓர் அறை, குளியலறையோடு. முன்வீடும் திண்ணையும் அப்படியே நிற்கும். சுவரை ஒட்டியிருந்த பழைய குளியலறையை எடுத்துவிட்டு இறவாணத்தை மறுபடி நீட்டினார்கள். ஆறு பனங்கைகளுக்கு மட்டும், பக்கத்து ஊரில் பிரித்த வீட்டிலிருந்து பழைய கை மரம் வாங்கினார்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கொத்தனாருக்கு எழுபது வயதாகிவிட்டது. சுண்ணாம்பு அரைக்க உடன் ஆள் கிடைக்கவில்லை. லாரி ஓட்டம் இல்லாத நாள்களில் மகனே மண்வெட்டியோடு இறங்கினார். கருப்பட்டிக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை, சொந்தப் பனையில் இறக்கியதே இருந்தது. பூச்சு வேலை புரட்டாசியில் முடிந்தது. ஐப்பசி மழை வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, உள்சுவருக்கு வெள்ளை அடிப்பதாக இருக்கிறார்கள்.