செப்லின் வைத்த பாக்கி

செப்டம்பர் 25

லெட் செப்லின் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்த நாள். 1980இல், 32 வயதில், பகல் முழுக்க வோட்கா குடித்துவிட்டு, குழுவின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே குழுவைக் கலைத்துவிட்டார்கள். கீத் மூன் போன பிறகு தி ஹூ இன்னொரு டிரம்மரை உட்காரவைத்துத் தொடர்ந்தது, இவர்களும் செய்திருக்கலாம். செய்யாததில் எனக்குத் திருப்தி.

ராத்திரி 'வென் தி லெவி பிரேக்ஸ்' போட்டேன். ஏழு நிமிடப் பாட்டில் பாடகர் ராபர்ட் பிளான்ட் வாயைத் திறக்கவே ஒன்றரை நிமிடத்துக்குக் கிட்ட ஆகிறது. அதுவரை டிரம்ஸ் ராஜ்ஜியம். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம்; ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்துவைத்த இடம். அதன் கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலேயிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். அதனால் தோல் அதிர்வதோடு சுவர் அதிர்வதும் சேர்ந்து கேட்கிறது. பான்ஹம் வேகமாக எதையும் வாசிக்கவில்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவர் விடும் இடம்தான் வயிற்றைப் பிசைகிறது. 1986இல் பீஸ்டி பாய்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கே இந்த அடியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 26

நேற்றைய பாட்டின் மூலத்தைத் தேடிக் கேட்டேன். 1927 மிசிசிப்பி வெள்ளத்தை வைத்து, கறுப்பினத் தம்பதியான மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்தது. இரண்டு கிட்டார், ஒரு குரல். அழுகை கிடையாது, வீடு போனவன் அடுத்து எங்கே போவது என்று யோசிக்கிற குரல். செப்லினின் 1971 ஆல்பத்தில் மின்னியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள், மெக்காயை விட்டுவிட்டார்கள். இருந்தாலும் இவர்கள் கணக்கில் இதுவே தாராளம்.

'ஹோல் லாட்டா லவ்' 1969. அதற்கு ஏழு வருடம் முன்பே மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வரிகள் வந்திருக்கின்றன. எழுதியவர் வில்லி டிக்சன். உறையில் அவர் பெயர் இல்லை. 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசமானது. ரசிகர்கள் எப்போதும் சொல்வது: ப்ளூஸ் பொதுச்சொத்து, ஆளாளுக்கு எடுத்துப் பாடுவதுதானே. சரி, பொதுச்சொத்து என்றால் இந்த நால்வரும் தங்கள் பெயரைப் போட்டிருக்கக் கூடாது. கச்சேரியில் எத்தனை பெரிய வித்வானானாலும் கீர்த்தனையைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறாரா? பேஜின் அந்த கிட்டார் வரியும், நடுவே எல்லாம் கலங்கி மிதக்கும் அந்தப் பகுதியும் முழுக்க இவர்கள் சரக்கு. அதற்குரிய புகழ் போதாதா?

செப்டம்பர் 28

1976 நேரலை ஆல்பம். 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க. கிட்டாரை வயலின் வில்லால் இழுக்கிறார் பேஜ். முதல் இரண்டு நிமிடம் சிலிர்ப்பு. பிறகு எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன், ஒன்றும் குறையவில்லை. இதுவும் ஜேக் ஹோம்ஸ் என்பவரின் 1967 பாட்டு. அவர் வழக்குப் போட்டது 2010இல்!

அக்டோபர் 2

'காஷ்மீர்' பாட்டின் மீது மட்டும் குற்றப்பத்திரிகை எழுத மனம் வரவில்லை. இவர்களில் யாரும் அப்போது காஷ்மீரைப் பார்த்ததில்லை; தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலையில் கார் ஓட்டும்போது பிளான்டுக்கு வரிகள் தோன்றினவாம். கிட்டார் மூன்று மூன்றாக எண்ணுகிறது, டிரம்ஸ் நான்கு நான்காக. பன்னிரண்டு எண்ணி முடித்தால் இரண்டும் ஒன்றாக வந்து இறங்கும். தாளம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. 1972இல் பேஜும் பிளான்டும் பம்பாய்க் கலைஞர்களோடு தங்கள் பழைய பாட்டு இரண்டைப் பதிவு செய்தார்கள். 2015இல்தான் வெளியிட்டார்கள், அவசரமே இல்லாமல்.

அக்டோபர் 3

2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் மகன் ஜேசன் பான்ஹமை வைத்து ஒரே ஒரு முறை வாசித்தார்கள். மீண்டும் ஊர் ஊராகப் போகலாம் என்று உலகமே கெஞ்சியது. பிளான்ட் மசியவில்லை. அந்த அக்டோபரில்தான் பாடகி அலிசன் கிராஸோடு சேர்ந்து 'ரெய்சிங் சாண்ட்' ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். கத்தல் இல்லை, தாழ்ந்து, பக்கத்தில் நிற்பவருக்கு இடம் விட்டுப் பாடுகிறார். பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய பாட்டுகள், எழுதியவர்கள் பெயரோடு. பேஜோடு அவர் முன்பு எழுதிய பாட்டும் ஒன்று உண்டு, அதற்குக் கிராமி விருதும் வந்தது. எனக்கு என்னவோ டவுன்ஸ் வான் சாண்ட் எழுதிய 'நத்திங்'தான் அதைவிடப் பிடித்திருக்கிறது.