கரண்ட் ஊரில் கரண்ட் போன வண்டி

நெய்வேலி என்றாலே எல்லாருக்கும் கரண்ட்தான் ஞாபகம் வரும். பழுப்பு நிலக்கரி, 1956-ல் ஆரம்பித்த கார்ப்பரேஷன், 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் (600 மெகாவாட் வரை வளர்ந்து 2020-ல் மூடப்பட்டது)... இதெல்லாம் ஸ்கூல் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள்.

அப்படிப்பட்ட ஊரின் ஆர்ச் கேட் பக்கத்தில், ஒரு வைகாசி மாத ராத்திரி, ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி கரண்ட் இல்லாமல் நின்றது. பின்னால் முழுக்க பண்ருட்டி பலாப்பழம். மழைக்கு முன்னால் கும்பகோணம் போய்ச் சேர வேண்டிய லோடு.

கடாம்புலியூர் தாண்டியதுமே ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. ஹாரன் சளி பிடித்த மாதிரி முனகியது. ஆனால் இன்ஜின் மட்டும் ஒன்றும் ஆகாத மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்து டீசல் இன்ஜினின் குணம் அது. பெட்ரோல் வண்டிக்கு ஸ்பார்க் வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். டீசலில் அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் எரிந்துவிடும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டி என்றால், ஒருமுறை ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரி செத்தாலும் ஓடும். (கம்ப்யூட்டர் வைத்த புது காமன் ரெயில் வண்டிகளில் இந்தக் கதை நடக்காது. அவை நின்றுவிடும்.)

'வண்டிதான் ஓடுதே' என்று டிரைவரும் வந்துவிட்டார். டீ குடிக்க இறங்கி இன்ஜினை ஆஃப் செய்தார். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' அவ்வளவுதான்.

டீக்கடையில் இருந்த நாலு பேரும் ஒரே தீர்ப்பு சொன்னார்கள்: பேட்டரி போச்சு, புதுசு மாத்து. சில ஆயிரம் ரூபாய் செலவு. நல்லவேளை, காலையில் வந்த மெக்கானிக் அந்தக் கட்சியில் இல்லை. வேறு ஒரு பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்து மீட்டரை வைத்தார். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.3 காட்டியது. லைட்டைப் போட்டதும் இன்னும் இறங்கியது.

"பேட்டரி மேல தப்பு இல்ல தம்பி. டைனமோ சார்ஜ் பண்ணல."

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. மெக்கானிக்குகள் இன்னும் 'டைனமோ' என்று சொன்னாலும் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர். 1960-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் போட்டதிலிருந்து பழைய டைனமோவின் காலம் முடிய ஆரம்பித்தது. பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் நம்ம ஊரில் நிற்கிறது :-)

உள்ளே நடக்கும் வேலை நெய்வேலி அனல்மின் நிலையத்தில் நடக்கும் அதே வேலைதான். சுற்றும் காந்தம், அதைச் சுற்றி அசையாத செம்புக் கம்பிச் சுருள். அங்கே நீராவி சுற்றுகிறது, இங்கே ஒரு ரப்பர் பெல்ட். இரண்டிலும் வருவது மூன்று ஃபேஸ் ஏசி கரண்ட். வண்டியில் டையோடுகள் அதை டிசி ஆக்குகின்றன, ரெகுலேட்டர் 14 வோல்ட்டில் பிடித்து வைக்கிறது. 14 வோல்ட், 70 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட். இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஒரு யூனிட் 210 மெகாவாட். அதாவது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பிக்கப் டைனமோக்கள்!

சரி, வண்டிக்கு வருவோம்.

"சார்ஜ் லைட்டு எரியவே இல்லையே அண்ணே?" என்று கேட்டார் டிரைவர்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவி போட்டா எரியுமா?"

டிரைவருக்கு ஞாபகம் இல்லை. போட்டுப் பார்த்தார்கள். எரியவில்லை. பல்ப் எப்போதோ ஃபியூஸ் ஆகியிருந்தது. பழைய வண்டிகளில் அந்தச் சின்ன சிவப்பு பல்புக்கு இரண்டு வேலை. ஒன்று எச்சரிக்கை. இன்னொன்று, ரோட்டர் காந்தமாக முதலில் வேண்டிய கொஞ்சம் கரண்ட்டே அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. 'எரியாத லைட் நல்ல லைட்' என்று நினைப்பது தப்பு. சாவி போட்டதும் எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும்.

ஆனால் பல்ப் மட்டும் காரணம் இல்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றியதும் பின்பக்கம் முழுக்க கறுப்பு ஆயில். மெக்கானிக் முகம் மாறியது அப்போதுதான்.

இந்த மாதிரி டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்யூம் பம்ப் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஆயில்தான் அதற்கு மசகு. பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுப்பது அதுதான். சீல் தேய்ந்தால் ஆயில் உள்ளே கசிந்து கார்பன் பிரஷ்ஷில் படியும், சார்ஜ் நிற்கும். பம்ப் தேய்ந்தால் பிரேக் கட்டையாகும்.

"ஒரு வாரமா பிரேக்கு ரொம்ப அழுத்த வேண்டியிருந்துச்சு. லோடுன்னு நெனச்சேன்" என்றார் டிரைவர். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. முழு லோடு, மங்கலான லைட், எதிரே வரும் பஸ்கள், பாதி பிரேக். ராத்திரி அவர் ஓட்டி வந்தது அப்படித்தான்.

கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "ரிப்பேர் பண்ணின பழசு ஒண்ணு போட்டா காசு கம்மியாகுமே?"

"பிரஷ் மாத்தித் தர்றேன், டையோடு மாத்தித் தர்றேன். தேஞ்ச பம்ப்பை மட்டும் திருப்பி மாட்ட மாட்டேன்."

பம்ப்போடு சேர்த்துப் புதுசு வந்தது. மாட்டும் வேலை பெரிதில்லை, வரிசைதான் முக்கியம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலிலேயே கழற்றியிருந்தார். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான். ஆயில் திரும்பிப் போகும் ஹோஸை ஊதி, அடைப்பு இல்லை என்று பார்த்தார். அடைத்திருந்தால் புது சீலும் சீக்கிரம் போய்விடும். பம்ப்பில் கொஞ்சம் ஆயில் விட்டார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும்படி இறுக்கினார். பல்பை மாற்றினார். கடைசியில் நெகட்டிவ் ஒயர்.

மீட்டரில் 14.1. ஆனால் அவர் அதோடு விடவில்லை. இன்ஜினை ஆஃப் செய்து, பிரேக்கை நாலைந்து முறை மிதிக்கச் சொன்னார். பெடல் கல்லானது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெடல் மெல்லக் கீழே இறங்கியது. பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கிறது என்று அர்த்தம். ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட். கார் வைத்திருப்பவர்களும் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம்.

மத்தியானம் வடலூர் பக்கம் வண்டி கிளம்பியது. பழத்தில் நாலைந்து வெடித்து வாசம் கிளம்பியிருந்தது. அதில் ஒன்று மெக்கானிக் வீட்டுக்குப் போனது.