அம்மாயியின் நெற்றித் தடம்

கட்டுக்கலை, கண்டி
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய அம்மாயி படம் கிடைத்தது. ராத்திரி பார்த்தேன், காலையில் வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவையும் பார்த்தேன். “குறை சொல்லுங்க மாமா, கோவிக்க மாட்டேன்” என்று எழுதியிருந்தாய். போனில் ரெண்டு வரியில் முடிகிற பேச்சு இல்லை இது. அதனால்தான் கடிதம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கண் வந்திருக்கிறது. முப்பது வருஷம் ஸ்டூடியோவில் நின்றவன் நான். வயசானவர்கள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும், ஏதோ அதிகாரி விசாரிக்க வந்தது போல விறைத்துப்போவார்கள். இந்தப் படத்தில் என் அம்மா பேத்தியைப் பார்க்கிறாள். உன் கையில் போன் இருந்ததே அவளுக்கு நினைப்பில்லை. அதைப் படித்துப் பழக முடியாது.

ஆனால் அவள் நெற்றியில் இருக்கும் அந்தத் தடம் எங்கே, புள்ள?

பதினாலு வயசில் தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்குப் போனவள். கொங்காணியை மடித்துத் தலையில் போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டி, நாற்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து சுமந்தாள். முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் விரல் வைத்து அழுத்தியது போல ஒரு பள்ளம் இருக்கும். சின்ன வயசில் அவள் மடியில் படுத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்ப்பேன். உன் படத்தில் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கிறது. கன்னத்துச் சுருக்கமும் இல்லை. நிறமும் அவளுடையது இல்லை, ரெண்டு மூன்று படி வெளுத்திருக்கிறது. உன் போனில் அழகு கூட்டும் அமைப்பு தானாகவே வேலை செய்திருக்க வேண்டும். முதலில் அதை அணைத்துவிடு.

இதில் நானும் பொறுப்பாளி. ஸ்டூடியோவில் எனக்கு முதலில் கொடுத்த வேலையே ரீட்டச்தான். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் சுருக்கத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைப்போம். நெகட்டிவில் சுருக்கம் வெளிச்சம் ஊடுருவும் கோடாகத் தெரியும். அதைப் பென்சில் அடைத்துவிட்டால் பிரின்டில் அந்த இடம் வெளுத்து வரும். எத்தனையோ அம்மாமார்களின் முகத்தை நான் அப்படித் துடைத்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், நானும் அதைத்தான் திறமை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது.

அம்மாவின் முதல் படம் எடுத்த நாளும் ஞாபகத்துக்கு வருகிறது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று நம் சனத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். பிறகு அதற்கான விண்ணப்பப் பத்திரங்களுக்குப் படம் வேண்டியிருந்தது. அப்போது எனக்கு ஆறேழு வயசு இருக்கும். தெல்தோட்டையிலிருந்து பஸ் பிடித்துக் கண்டி டவுனுக்கு வந்தோம். ஒரு ஸ்டூடியோவில் அம்மாவுக்குப் பவுடர் அப்பி, தாடையைப் பிடித்துத் திருப்பி, ‘சிரிக்காதே, ஆடாதே’ என்று அதட்டி, ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பினார்கள். பெரியம்மா குடும்பம் தலைமன்னார்க் கோச்சியில் ஏறி இந்தியா போனது, நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். அந்தப் படம் இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் இருப்பது பயம் மட்டும்தான். பிறகு எடுத்ததெல்லாம் அடையாள அட்டைக்கும் கலியாண வீட்டுக் கும்பலிலும். எண்பது வயசு வரைக்கும் அவளை அவளாகவே ஒருத்தரும் எடுக்கவில்லை, பெற்ற பிள்ளை நானும்கூட. அதனால்தான் உன் படத்தைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த தடவை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கை எட்டும் தூரத்தில் போனைப் பிடித்திருக்கிறாய். அவ்வளவு கிட்டப் போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். அம்மாவின் மூக்குத்திதான் முதலில் கண்ணில் படுகிறது, தோடு இருப்பதே தெரியவில்லை. ஐந்தாறு அடி பின்னால் வந்து, ரெண்டு மடங்கு லென்ஸில் எடு. நின்றுகொண்டும் எடுக்காதே. குந்தி உட்கார்ந்து, அவள் கண்ணுக்கு நேராக உன் போன் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் கிழவி பாவம் என்ற மாதிரி வரும். அவள் பாவம் இல்லை.

வெளிச்சம்தான் பெரிய குறை. நடுப்பகலில் வாசலில் உட்கார வைத்திருக்கிறாய். உச்சி வெயில் கண்குழியை இருட்டாக்கி, வெள்ளைச் சேலையை ஒரே வெளுப்பாக்கிவிட்டது. வீட்டுக்கு முன்னாலுள்ள நம் இஸ்தோப்பை விட நல்ல ஸ்டூடியோ கிடையாது. காலையில் பனி கலைகிற நேரம், எட்டு, எட்டரைக்கு, கூரை நிழலுக்குள் ஸ்டூலைப் போடு. திறந்த பக்கத்துக்குப் பாதி திரும்பி உட்காரட்டும், பின்னால் காம்பராவின் இருட்டு இருக்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து வருகிற மெல்லிய வெளிச்சம்தான் சுருக்கத்தை ஒவ்வொன்றாகக் காட்டும், கண்ணில் ஒரு பொட்டு மினுக்கமும் விழும். மறுபக்கம் ரொம்ப இருண்டால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். போன் திரையில் அவள் முகத்தின் மேல் விரல் வைத்துத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கு. இல்லாவிட்டால் பின்னால் உள்ள இருட்டைப் பார்த்துவிட்டு போன் அவளை மறுபடி வெளுக்க வைக்கும்.

இப்படி எடுத்த படத்துக்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா. 48 வயசில்தான் அவருக்கு முதல் கேமரா கிடைத்தது. 1867இல் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞரை எடுத்தார், அவருக்கு அப்போது 75 வயசு. தலையைக் கழுவி முடியைக் கலைத்துவிடச் சொல்லி, இருட்டுக்கு முன்னால் உட்கார வைத்து எடுத்த படம். ஒரு சுருக்கத்தையும் மறைக்கவில்லை. அவர் பயன்படுத்திய கண்ணாடித் தட்டுக்கு நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். போனில் தேடினால் கிடைக்கும், கட்டாயம் பார். இதே அம்மா 1875இல் நம் மலைநாட்டுக்கு வந்தார், கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். இங்கே தோட்டத்தில் வேலை செய்த நம் சனத்தையும் எடுத்திருக்கிறார். அந்த முகங்களை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஹெர்ஷலுக்குப் பேர் இருக்கிறது. இவர்களில் அநேகம் பேருக்குப் பேர் எழுதி வைக்கவில்லை. நம் மலைக்குப் பக்கத்திலுள்ள லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் முகம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அங்கே கொழுந்து எடுத்த முதல் பெண்ணின் முகம் எங்கே?

அம்மாவின் கையையும் சேர்த்து எடு. தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல் ரேகை, முழங்கைக்குக் கீழே பச்சை குத்தின தேள், ரெண்டும் படத்தில் வேண்டும். சும்மா உட்காரச் சொன்னால் கையை எங்கே வைப்பது என்று தவிப்பாள். பாக்குவெட்டியைக் கொடு, பழைய மலைக்கதையைக் கேள். சிரித்தால் முந்தானையால் வாயை மறைப்பாள், பல் விழுந்த வெட்கம். அப்படி மறைத்தால் எடுக்காதே. எடுத்ததை முதலில் அவளிடமே காட்டு. வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிட வேண்டும்.

‘மாலை போடத்தானே எடுக்கிறீங்க’ என்று கேட்பாள், போன தடவை படப் பேச்சு வந்தபோது என்னிடம் கேட்டாள். இல்லை என்று சொல். அவள் உயிரோடு இருக்கும்போதே, அவள் பார்க்கிற சுவரில் மாட்டத்தான் எடுக்கிறோம். பளபளப்பில்லாத தாளில் பெரிதாக நானே பிரின்ட் போட்டுத் தருகிறேன். பின்பக்கம் அவள் முழுப்பேரையும், தோட்டத்தையும், டிவிசனையும், தேதியையும் உன் கையெழுத்தில் எழுது.

வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் நானும் தெல்தோட்டைக்கு வருகிறேன். வேட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா. வெற்றிலையும் பாக்கும் நான் வாங்கி வருகிறேன். அன்றைக்கு அவளுடைய நீலச் சேலையை அவள் கட்டிக்கொள்வாளா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
மாமா