வேலியோர மரச்சுவருக்கு முதுகு நிரப்புதல்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் மேடும் பள்ளமுமானது. இரண்டு வீட்டுமனைகள் உயரம் மாறிச் சந்திக்கும் எல்லையில், வேலியை ஒட்டி மரத் தாங்குசுவர் நிற்பதை அங்கே பரவலாகக் காணலாம். ரேடியேட்டா பைன் கம்பங்களை நட்டு, மண் இருக்கும் பக்கத்தில் பலகைகளை அடுக்குவார்கள். மண் தள்ளத் தள்ளப் பலகை கம்பத்தோடு இறுகும். முன்பக்கம் அடித்தால் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். ஆனால் பாரமெல்லாம் ஆணியில் விழும். கம்பங்கள், மண்ணில் ஊன்றும் மரத்துக்கான எச்5 தரத்துக்கு மருந்தேற்றப்பட்டவை. அறுத்த முனையை மேலே வைத்து, அறுக்காத முனையை மண்ணுக்குள் இறக்குவது வழக்கம். அறுத்த இடத்தில் மருந்து ஏறாத மரம் வெளிப்பட்டிருக்கக்கூடும்.

இந்தச் சுவரைச் சாய்ப்பதில் மண்ணைவிடத் தண்ணீருக்கே பங்கு அதிகம். சுவருக்குப் பின்னால் போடும், நன்றாக வடியும் நிரப்பு 1 மீட்டர் ஆழத்தில் சுவரைத் தள்ளும் அழுத்தம் ஏறக்குறைய 6 கிலோபாஸ்கல். அதே நிரப்பில் தண்ணீர் மேல்விளிம்பு வரை தேங்கினால், தண்ணீரின் அழுத்தம் மட்டுமே 9.8 கிலோபாஸ்கல். மூழ்கிய மண்ணின் தள்ளுவிசை பாதியாகக் குறைந்தாலும், மொத்தச் சுமை இரு மடங்கை எட்டிவிடும். ஆக்லாந்தின் களிமண் தண்ணீரை எளிதில் விடாது. 2023 ஜனவரி 27 அன்று பெய்த பெருமழையில் அந்நகரில் பல இடங்களில் சரிவுகள் இடிந்து விழுந்தன. பலகை இடுக்கு வழியே தண்ணீர் கசிந்துவிடும் என்று நம்பி, தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டுவது பெரும் பிழை. அந்த இடுக்குகளைச் சேறு அடைத்துவிடும்.

ஆகவே வடிகால் வேலை அடியிலிருந்து தொடங்குகிறது. பள்ளத்தின் தரையைக் குழாயின் போக்குக்கேற்ப, 100 மீட்டருக்கு 1 மீட்டராவது வாட்டம் இருக்கும்படி செதுக்குவார்கள். மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, சிறிது ஜல்லி பரப்பி, 100 மில்லிமீட்டர் துளைக்குழாயைக் கீழ்ப்பலகையின் அடிக்கும் தாழ்வாக வைப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதோடு, மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் வருகிறதா என்று காத்திருப்பது நல்ல பழக்கம். மூடிய பிறகு கண்டுபிடிக்கும் தவறுக்குச் சுவர் முழுவதையும் மறுபடி தோண்ட வேண்டும்.

உடம்பை வாட்டுவது ஜல்லி சுமக்கும் வேலை. 10 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் உள்ள சுவருக்குப் பின்னால் 300 மில்லிமீட்டர் அகலத்துக்கு நிரப்ப 3 கனமீட்டர், அதாவது நாலரை டன் ஜல்லி வேண்டும். வேலிக்கும் வீட்டுக்கும் இடையே இயந்திரம் நுழையாத சந்தில் அது ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில்தான் போகும். நாற்பதுக்கும் மேற்பட்ட நடை. வேலை முடிந்ததும் பலகை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சுவரைக் காக்கப்போவது அந்த நடைகள்தாம்.

துணிக்கு அப்பால் நிரப்பும் மண்ணை 150 மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். சுவரை ஒட்டிய இடத்தில் கைத் திமிசே ஏற்றது. கனமான இயந்திரம் அதிர்ந்து கம்பங்களை வெளியே தள்ளிவிடும். ஜல்லியின் மேல் துணியை மடித்து மூடி, உச்சியில் 200 மில்லிமீட்டர் களிமண் போடுவார்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓட அதுவே வழி.

வேலிதான் பலர் சறுக்கும் இடம். 1.8 மீட்டர் உயர மூடுவேலி காற்றைப் பாய்மரம்போல் வாங்கும். அதன் கால் ஜல்லியில் ஊன்றியிருந்தால் பிடிப்பு இருக்காது. குழி தோண்டும்போது துணி கிழிந்து குழாய் நசுங்குவதும் உண்டு. வேலிக்காலைச் சுவரிலிருந்து விலக்கி, கெட்டியான மண்ணில் கான்கிரீட்டோடு நிறுத்துவது நல்லது. சுவர்க் கம்பத்திலேயே வேலியைப் பொருத்தினால் காற்றின் விசையும் சுவரின் கணக்கில் சேரும். பொறியாளர் கணக்கிடாமல் அதைச் செய்யக்கூடாது. 2004ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம், 1.5 மீட்டருக்கு மேற்படாத மண்ணைத் தாங்கும் சுவருக்கு அனுமதி கேட்பதில்லை. ஆனால் வாகனம் போன்ற கூடுதல் சுமை இல்லாத சுவருக்கே அந்த விலக்கு.

குழாயின் வாய் திறந்த வெளியிலோ மழைநீர் வடிகாலிலோ முடிய வேண்டும். பக்கத்து மனையில் அல்ல. பெருமழைக்குப் பிறகு குழாய் வாயில் தண்ணீர் தெளிவாக வடிந்தால் நிரப்பு வேலை செய்கிறது. கலங்கி வந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கலாம். சுவரின் முகம் நனைந்திருக்க, குழாய் வாய் மட்டும் காய்ந்து கிடந்தால் அடைப்பைத் தேட வேண்டும்.